கொடாததைக் கொள்ளாமை

அறநெறி போற்றும் சிராவக, சிராவகியரே!

கள்ளாமை என்னும் அணுவிரதம் பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமே உரியதன்று. பிறர் எடுத்த நிழற்படத்துக்கும் உரியதே.

திருமலைப் பாறையில் செதுக்கப்பெற்ற நேமிநாதர் திருவுருவை ஓர் அன்பர் நல்லொளிக்குக் காத்திருந்து படமெடுக்கிறார் என்று கொள்வோம். அப்படம் நம் கைப்பேசிக்கு வருகிறது. ஓரத்தை வெட்டி, வண்ணம் கூட்டி, அவர் பெயரை அழித்து, நம் வாழ்த்தைப் பொறித்துப் பலருக்கும் அனுப்புகிறோம். “பக்தியால் செய்ததுதானே?” என்பர். உடையவரின் இசைவுக்குப் பக்தி ஈடாகாது.

கள்ளாமைக்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். அதாவது, போலியை மெய்ப்பொருள்போல் வழங்குதல். திருத்திய படத்தை மூலப்படமாக உலவவிடுவதும் அக்குற்றத்தின் சாயலே.

நாட்டுச் சட்டமும் இதற்கு அரணாக நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படமெடுத்தவரே அதன் ஆக்கியோர். உரிமையைப் பிறருக்கு அளித்த பின்னரும், ஆக்கியோர் தாமே எனக் கோரவும், தம் மதிப்பைக் குலைக்கும் திரிபைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு அவருக்கு இடமளிக்கிறது.

ஆகவே, படத்தில் கைவைக்குமுன் கேளுங்கள். இசைந்தால், திருத்தியதை முதலில் அவருக்கே காட்டுங்கள். வெளியிடுகையில் அவர் பெயரையும் நாம் செய்த மாற்றத்தையும் குறியுங்கள். மறுத்தால், மனத்தாங்கலின்றி விட்டுவிடுங்கள். படத்தில் குறை கண்டால் தனியே, இன்சொல்லால் உரையுங்கள்.

பற்றனைத்தும் துறந்த பெருமானின் திருவுருவைப் பிறர் உழைப்பைக் கவர்ந்து பரப்புவது வழிபாடாகுமா? எண்ணிப் பாருங்கள்.

அறம் வளர்க!