நாங்க எழுதுனா மனுவா?

பழவேற்காட்டில் என் நண்பனின் தம்பி ராப் எழுதுகிறான். போன மாதம் ஏரிக்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுமேல் உட்கார்ந்து, போனில் ஒரு ட்ராக் போட்டுக் காட்டினான். அப்பாவின் முழங்கால், கேரம் போர்டு, டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூடுகள், இறால் விலை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எதற்கும் எதற்கும் சம்பந்தம் பிடிபடவில்லை.

"நல்லாருக்குடா, ஆனா புரியல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காட்டுப்பள்ளி துறைமுகம், மீன் குறைஞ்சது, இதையெல்லாம் நேரா எழுதலாமே?"

அவன் கோபப்படவில்லை. "ஏன்ணா, நாங்க எழுதுனா அது மனுவாத்தான் இருக்கணுமா?"

பஸ்ஸில் திரும்பும்போது வழக்கம்போல எம்.எஃப். டூம் கேட்டேன். மேட்லிப்புடன் அவர் செய்த 'மேட்வில்லனி' 2004-இல் வந்தது. அதில் பாதி வரிகள் எனக்கு இன்றும் புரியாது. ஏசாப் ராக் இன்னும் மோசம். 2014-இல் ஒருவர் ராப் பாடகர்கள் ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களை எண்ணிப் பார்த்தார். வெவ்வேறு சொற்களை அதிகம் பயன்படுத்தியவர் ஏசாப் ராக்தான். இவர்களிடம் நான் அர்த்தம் கேட்டதே இல்லை. புரியாவிட்டால் குறை என்னிடம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பொறுமையை மூன்று நிமிடம்கூட இவனுக்கு ஏன் தரவில்லை?

நியூயார்க்காரனுக்குப் புதிராக இருக்க உரிமை உண்டு, குப்பத்துப் பையன் சாட்சி மட்டும் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. மார்த்தினிக் தீவின் சிந்தனையாளர் எதுவார் கிளிசான், முழுதாகப் புரிபடாமல் இருப்பதையும் ஒரு உரிமையாகவே கேட்டார். அதைப் படித்துத் தலையாட்டியவன்தான் நான்.

நேரடியான பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடைக்கானல் பாதரசக் கழிவு பற்றி சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் பாடிய ராப்பில் ஒளிவுமறைவே கிடையாது. 2016-இல் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் பல வருடம் போராடியதன் பலன் அது, பாட்டு அதை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனது. அந்த வேலைக்குத் தெளிவு தேவை. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அதே வேலையைக் கொடுக்க நாம் யார்?

புரியாததெல்லாம் ஆழம் என்றும் இல்லை. சும்மா சொல்லைக் கொட்டுகிறவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: அர்த்தம் வருவதற்கு முன்பே ஓசை பிடித்து நிறுத்துகிறதா, மறுபடி கேட்டால் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா? வலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் வரும் 'ஏலேலோ'வுக்கு என்ன அர்த்தம் சொல்வது? அது இல்லாவிட்டால் கைகள் ஒன்றாக இழுக்காது.

மறுநாள் அந்த ட்ராக்கை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நாலாவது முறை கேட்கும்போது 'பாடு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது காதில் விழுந்தது. பழவேற்காட்டில் பாடு என்றால், குலுக்கல் போட்டு முறைவைத்து மீன்பிடிக்கும் இடம். படும் கஷ்டமும் பாடு. பாட்டுப் பாடச் சொல்வதும் பாடு. மூன்றையும் ஒரே மூச்சில் வைத்திருந்தான். துறைமுகம் பற்றி எழுதச் சொன்னவனுக்கு இது கேட்கவே இல்லை.

கேரம் போர்டு இன்னும் புரியவில்லை. அவனிடம் கேட்கவில்லை. அடுத்த ட்ராக் முடிந்ததும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.