முடிவு தெரிந்த பிள்ளை

பிறப்பிலிருந்து இறப்புவரை உன் வாழ்க்கை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டால், அதில் எதையாவது மாற்றுவாயா? 2016-இல் வந்த ‘அரைவல்’ படத்தின் கடைசியில் மொழியியல் பேராசிரியர் லூயிஸ், பக்கத்தில் நிற்கும் இயனிடம் கேட்பது இதைத்தான். வேற்றுலகத்தாரின் கலங்கள் போய்விட்டன. மூளவிருந்த போர் நின்றுவிட்டது. இயற்பியல் அறிஞனான இயனுக்கு இது வேலை முடிந்த ஓய்வில் எழுந்த ஒரு பொதுக் கேள்வி. லூயிஸுக்கோ அது உயிர்க் கேள்வி. இவனை மணப்பேன், ஒரு மகள் பிறப்பாள், பதின்பருவம் தாண்டுவதற்குள் தீராத நோயில் அவளைப் பறிகொடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே அவனை அணைத்துக்கொள்கிறாள்.

அறிவியல் புனைகதைப் படங்களில் ஆன்மிகம் தேடுவது புதிதல்ல. 1999-இல் ‘மேட்ரிக்ஸ்’ வந்ததிலிருந்து அதை மாயாவாதத்தோடு பொருத்திப் பேசுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். பொருத்தம் பொய்யும் இல்லை. மூன்றாம் பாகத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது உபநிடத மந்திரமே இசையோடு ஒலிக்கிறது. ஆனால் ‘இது நம்மிடம் முன்பே இருக்கிறது’ என்ற நிறைவோடு எழுந்து போய்விட்டால், ஏற்கெனவே நம்பியதை மறுபடி நம்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். மறுநாள் காலை வாழும் விதத்தில் எதுவும் அசைவதில்லை.

‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) படத்தில் ஒரு விஞ்ஞானி, அன்பு காலத்தையும் வெளியையும் கடக்கவல்லது என்று பேசுவார். அந்தப் பேச்சு என்னைத் தொடவில்லை. அதே படத்தில் பேச்சில்லாத ஓர் இடம் என்னை உலுக்கியது. கருந்துளைக்கு அருகே ஈர்ப்பு மிகுந்த ஒரு கோளில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு ஆண்டுகள். அங்கே இறங்கிச் சில மணி நேரம் சிக்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பும் விண்வெளி வீரன் கூப்பர், 23 ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கும் காணொளிச் செய்திகளைப் பார்க்க உட்காருகிறான். திரையில் மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், ஒரு குழந்தையைப் பெற்றுப் பறிகொடுக்கிறான், பிறகு அப்பாவுக்குச் செய்தி அனுப்புவதையே நிறுத்திக்கொள்கிறான். வலுத்த ஈர்ப்பில் காலம் மெதுவாகும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். அதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் பார்த்துக்கொண்டவர் இயற்பியலாளர் கிப் தோர்ன். அந்தச் சமன்பாடு அங்கே ஒரு தகப்பனின் கண்ணீராக ஆகிவிடுகிறது. சம்பாதிக்கக் கடல் கடந்து போய், பிள்ளை வளர்ந்ததை வீடியோ அழைப்பில் மட்டும் பார்த்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கருத்து யாரோ ஒருவரின் பிழைப்பாகவும் இழப்பாகவும் மாறும் இடத்தில்தான் இந்தப் படங்கள் நம்மோடு பேசத் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

‘அரைவல்’ முழுக்க அப்படிப்பட்ட இடம். டெட் சியாங் 1998-இல் எழுதிய குறுநாவலை டெனி வில்நெவ் படமாக்கினார். பூமியின் பன்னிரண்டு இடங்களில் வந்து நிற்கும் கலங்களில் ஏழு கால் உயிர்கள் இருக்கின்றன. அவை மையைப் புகை போல உமிழ்ந்து வட்ட வட்டமாக எழுதுகின்றன. அந்த எழுத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. வாக்கியம் எங்கே முடியும் என்று தெரிந்திருந்தால்தான் அதைத் தொடங்கவே முடியும். அதைக் கற்கக் கற்க லூயிஸின் மனம் நாளை வருவதையும் நேற்று நடந்ததைப் போலவே நினைவுகூரத் தொடங்குகிறது. ஒரு மொழி மனத்தை இந்த அளவுக்கு மாற்றிவிடும் என்பதை மொழியியலாளர்கள் ஏற்க மாட்டார்கள். கதைக்காக நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

சியாங்கின் கதையில் இதற்கு ஓர் இயற்பியல் அடித்தளம் உண்டு. படம் அதை விட்டுவிட்டது எனக்குக் குறைதான். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி திசை மாறி வளைகிறது. தண்ணீரில் அதன் வேகம் குறைவதால் வளைகிறது என்று காரண காரியமாகச் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா வேறு விதமாகச் சொன்னார்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக, மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியை ஒளி எடுத்துக்கொள்கிறது. அப்படியானால், போய்ச் சேரும் இடம் எது என்று ஒளிக்குப் புறப்படும்போதே தெரிந்திருக்க வேண்டும் போலத் தோன்றுகிறது. இரண்டு விளக்கமும் ஒரே பாதையைத்தான் தருகின்றன, எதுவும் தவறில்லை. நாம் முதல் விதமாக வாழ்கிறோம், அந்த உயிர்கள் இரண்டாம் விதமாக வாழ்கின்றன. இதைப் படித்த அன்று, விதியா மதியா என்று காலங்காலமாக நடக்கும் வழக்கு வேறு முகத்தோடு தெரிந்தது. நடக்கப்போவதை அறிந்தவர் அதற்கு அடிமையாகத்தான் இருக்க வேண்டுமா? கதையிலேயே இதற்கு ஒரு விடை உண்டு. திருமணத்தில் என்ன சொல்லப்படும் என்று வந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அதைச் சொன்னால்தான் திருமணம் நடக்கும். நம் முகூர்த்தத்திலும் அப்படித்தான். தாலி கட்டுவார்கள் என்று தெரியும். அதற்காக யாரும் கட்டாமல் விடுவதில்லை.

லூயிஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மருத்துவதி நினைவுக்கு வருகிறாள். மார்க்கண்டேயனின் தாய். பிள்ளை வரம் கேட்ட அவளுக்கும் மிருகண்டு முனிவருக்கும் சிவன் இரண்டு வழி காட்டினார்: அறிவில்லாமல் நெடுநாள் வாழும் மகன், அல்லது அறிவும் பண்பும் நிறைந்து பதினாறு வயதில் முடிந்துவிடும் மகன். அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். திருக்கடவூர்க் கதை என்றால், அந்த மகனைக் காக்கச் சிவன் காலனை உதைத்த காலைத்தான் நாம் பேசுகிறோம். அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே போகிறவர்களின் மனத்தில் இருப்பதும் அதுவே. அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு கழித்தலாகத் தெரிந்த அந்தத் தாய் எப்படிச் சோறு ஊட்டினாள், எப்படித் தாலாட்டினாள்? ‘அரைவல்’ அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. லூயிஸின் மகள் ஹன்னாவுக்காகக் காலனை உதைக்க அங்கே யாரும் வருவதில்லை. அதனால் அந்தச் சம்மதத்தின் முழுப் பாரமும் அந்தத் தாயின் மேலேயே நிற்கிறது.

முடிவு தெரிந்த பிறகும் வாழ்ந்த ஒருவரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது, இனி சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவிடமும் மறைக்கவில்லை. அடுத்த வாரமே அவர் கண் பரிசோதனைக்குப் போய்ப் புதுக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். “எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுப்பா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலைப் பேப்பரை எப்போதும் போல முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடும் என்று நான் அஞ்சியிருந்தேன். அவரிடம் அப்படிச் சுருங்கவில்லை. லூயிஸ் ஏன் சம்மதிக்கிறாள் என்று நான் புரிந்துகொள்வது அப்பா வழியாகத்தான். மகளின் மரணத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. மரணத்துக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கிறாள். யோசித்தால், பிள்ளை பெறும் நாம் எல்லாரும் முடிவுள்ள ஓர் உயிரைத்தான் பெறுகிறோம். அவளுக்கு நாள் தெரியும், நமக்குத் தெரியாது.

அந்த வேறுபாடு சிறியதில்லை. மூளையை மெல்ல மெல்ல அழிக்கும் ஹன்டிங்டன் நோய்க்கான மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். தாய்க்கோ தந்தைக்கோ அந்த நோய் இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வருமா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனாலும் அந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பரிசோதனை செய்துகொள்வதில்லை. அதைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாமல் இருப்பதும் வாழ்வதற்கு ஒரு வழி. லூயிஸுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அறிந்ததை அறியாததாக்க முடியாது.

படத்தில் எனக்கு ஆறாத ஓர் இடம் உண்டு. சியாங்கின் கதையில் மகள் இறப்பது 25 வயதில், மலையேறும்போது நடக்கும் விபத்தில். வரப்போவதை அவள் சொன்னதால் கணவன் பிரிந்தான் என்ற பகுதியே அங்கே இல்லை. அது படம் சேர்த்தது. லூயிஸ் தனக்குத் தெரிந்ததை இயனிடம் சொல்கிறாள், ஆனால் ஹன்னா பிறந்து வளர்ந்த பிறகு. அவன் நொறுங்கிப்போகிறான். நீ எடுத்த முடிவு தவறு என்று சொல்லிவிட்டுப் பிரிந்து போகிறான். அப்பா ஏன் என்னை முன்பு மாதிரிப் பார்ப்பதில்லை என்று குழந்தை கேட்கிறது.

பெரும்பாலோர் இயனைத்தான் குறை சொல்வார்கள். என்னால் முடியவில்லை. மருத்துவதி வரம் கேட்டபோது மிருகண்டு பக்கத்தில் இருந்தார்; இருவரும் சேர்ந்து கேட்ட வரம் அது. மார்க்கண்டேயனுக்கும் நாள் நெருங்கியபோது பெற்றோர் உண்மையைச் சொன்னார்கள். சொன்னதால்தான் அவனுக்குச் சிவனைச் சரணடையக் காலம் கிடைத்தது. இயனுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டபோது, மனத்தில் இருப்பதை இன்னும் அடிக்கடி வெளியே சொல்வேனோ என்னவோ என்றவன் அவன். கேட்டவளோ தன் மனத்தில் இருந்ததைச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால்? இயன் பின்வாங்கியிருக்கலாம். ஹன்னா பிறந்தே இருக்க மாட்டாள். இந்தக் கணக்கைப் பல முறை போட்டுப் பார்த்துவிட்டேன், தீரவில்லை. ஹன்னா என்ற அந்தச் சிறுமி ஓடியாடியதையும் பாடியதையும் பார்த்த பிறகு, அவள் பிறக்காமலே போயிருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையை இருவர் சேர்ந்து இழக்கப் போகிறார்கள் என்றால், அந்த இழப்புக்குச் சம்மதம் சொல்லும் உரிமை இருவருக்கும் உண்டு. ஹன்னாவிடம் கேட்க வழியில்லை. எந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுப் பெற்றெடுக்க முடிவதில்லை. இயனிடம் கேட்டிருக்க முடியும்.