எந்த ஊரில் பதிவு?

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் ஒதுங்கியது புத்தளத்தில். 2009இல் போர் முடிந்ததும் அவர்கள் முன் வைக்கப்பட்டது ஒரே கேள்வி: திரும்புகிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா?

பலர் இரண்டையும் செய்தார்கள். மன்னார் மாவட்டத்து முசலியிலோ யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலோ பதிந்து, காணியைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டுவிட்டு, பிள்ளைகள் படிக்கும் புத்தளத்துக்கே போய்விட்டார்கள். பார்க்கப் போனால் ஆளில்லை. வீட்டுத்திட்டத்துக்காகப் பெயர் கொடுத்தவர்கள் என்ற பேச்சு எழுந்தது.

அந்தப் பேச்சில் பாதி நியாயம் உண்டு. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்த வன்னிக் குடும்பம் தறப்பாளின் கீழ் இருக்கையில், கட்டிக்கொடுத்த வீடு பூட்டிக் கிடப்பது சரியல்ல. வீடு பங்கிடும் பொருள். கூரை இல்லாதவருக்கு முதலில் போகட்டும். காணியும் ஊர்க்காரர் என்ற உரித்தும் அப்படியல்ல. அவை பறிக்கப்பட்டவை. பறித்ததைத் திருப்பித் தரும்போது, வாங்குகிறவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று விசாரிப்பது அதிகப்படி. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்தவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகள் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. வரலாம் என்பது அனுமதி. வந்தால் எப்படி வாழ நினைக்கிறீர்கள் என்று கேட்பது வேறு.

கேட்டிருந்தால் கணக்கே மாறியிருக்கும். 1990இல் கைக்குழந்தையாகப் போனவளுக்கு 2009இல் கலியாண வயது. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கமுள்ள சமூகம் இது. ஒரு வளவை விட்டுப் போன குடும்பம் மூன்று நான்கு குடும்பமாகத் திரும்பி நிற்கிறது. மீள்குடியேற்றப் பட்டியலோ 1990இன் குடும்பத் தலைவரைத் தேடுகிறது. மன்னார் மாவட்டத்தின் தெற்கே மரிச்சுக்கட்டிப் பக்கத்தில், ஆளில்லாத இருபது ஆண்டில் காணியே காடாகிவிட்டது. 2012 வர்த்தமானி அதில் ஒரு பகுதியையும் சேர்த்து வனமாக அறிவித்தது; பற்றை வெட்டியவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் ஆனார்கள். காடு காக்கப்பட வேண்டியதுதான். எல்லை மீறி வெட்டியவர் இருந்தால் அதையும் விசாரிக்கலாம். ஆனால் அங்கே மரம் வளர்ந்தது, மனிதர்களை விரட்டியதால்.

இதற்கு நாட்டின் சட்டமே ஒரு வழி காட்டியிருக்கிறது. பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது பழைய விதி. போர் காரணமாகத் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்த ஆண்டுகளை எண்ணக் கூடாது என்று 2016இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. விரட்டப்பட்டவர் இல்லாதிருந்த காலம் அவருக்கு எதிரான கணக்கில் சேராது என்றால், வனத் திணைக்களத்தின் வரைபடத்திலும் பிரதேச செயலகத்தின் பட்டியலிலும் மட்டும் ஏன் சேர வேண்டும்?

புத்தளத்தாரும் இருக்கிறார்கள். தண்ணீரையும் பள்ளிக்கூட வாங்கையும் இருபது ஆண்டுக்கு மேலாகப் பகிர்ந்தவர்கள்; இன்னும் எத்தனை காலம் என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. திரும்ப மனமில்லாத ஒரு பெண்ணை வடக்கே ஏற்றி அனுப்பி அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.