காப்போம் என்று கொடுத்த சொல்

2021 ஜனவரி மாதத் தொடக்கத்தில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு, பெரிய நிக்கோபார் தீவிலுள்ள கலாத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் அறிவிக்கையை நீக்க ஒப்புதல் தந்தது. அதே மாதக் கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கடலாமைகளைக் காப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆமைகள் முட்டையிடும் முக்கிய இடங்களில் ஒன்றாக அந்தத் திட்டம் குறித்திருந்ததும் இதே கலாத்தியாவைத்தான். காவலை எடுத்தவர்களும் காப்போம் என்றவர்களும் ஒரே அரசைச் சேர்ந்தவர்கள். நடுவில் ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை.

கொடுத்த சொல்லை, தேவை வந்தது என்பதற்காக ஒரு நாடு ஒதுக்கி வைக்கலாமா? கூடாது. காப்பது சுலபமாக இருக்கும் இடத்தில் மட்டும் காப்பவனுக்கு வாக்குறுதி என்ற ஒன்றே தேவையில்லை. தேவையோ பேராசையோ வந்து கையைப் பிடித்து இழுக்கும் இடத்தில்தான் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

இந்தியா சொன்ன சொற்களும் சாதாரணமானவை அல்ல. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம், காடுகளையும் வனவிலங்குகளையும் காப்பது அரசின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டோம். 1992இல் ரியோவில் உருவான பல்லுயிர் உடன்படிக்கையை 1994இல் ஏற்றோம். 2002இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இயற்றினோம். 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பது என்ற உலக இலக்கை 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் மற்ற நாடுகளோடு சேர்ந்து ஏற்றுக்கொண்டோம். அதற்கு முந்தைய மாதம்தான் பெரிய நிக்கோபார் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கலாத்தியாவில் அமையும் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் எனச் சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டம் அது. அதற்காகக் கைவிடப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெட்டப்படக்கூடிய மரங்கள் அரசின் கணக்குப்படியே 9 லட்சத்தைத் தாண்டும்.

இழக்கப்போவது என்ன என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதுகில் ஏழு நீள வரிகள் ஓடுவதால் நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்றழைக்கும் உயிர், உலகின் கடலாமைகளிலேயே பெரியது. ஆள் நீளத்தையும் மிஞ்சும். பெருங்கடல் கடந்து வந்து, இருட்டியபின் கரையேறி, பின்துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளிக் குழி பறித்து, நூறு முட்டைவரை இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போகும். அந்த நேரம் முழுவதும் அதன் கண்ணிலிருந்து உப்புநீர் வழிந்துகொண்டிருக்கும். 2004 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தில் இத்தீவின் தென்முனை ஏறக்குறைய 15 அடி கீழிறங்கியது. முட்டையிட்ட மணற்கரைகள் கடலுக்குள் போயின. பின்னாளில் கரை மெல்ல உருவானபோது ஆமைகளும் திரும்பி வந்தன. கடல் கொண்டதைக் கடலே திருப்பித் தந்தது. கான்கிரீட் கொண்டதை யார் திருப்பித் தருவது? ஆமையோடு அழியக் காத்திருப்பவை இன்னும் உண்டு. நிக்கோபார் மெகாபோடு என்ற பறவை அடைகாப்பதில்லை. கரையோரத்தில் மணலும் மட்கிய இலையும் குவித்து, அந்தக் குவியலின் சூட்டிலேயே முட்டையைப் பொரிக்க விடுகிறது. கரையோரம் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

மனிதர்களும் இருக்கிறார்கள். இந்தக் காட்டையே வீடாகக் கொண்ட சோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். சுனாமியில் ஊரிழந்து முகாமில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரிகள், மூதாதையர் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். திட்டத்துக்கு முன்பு கொடுத்த ஒப்புதலை அவர்களின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது.

சான்றோர் வாக்கு இதில் ஒரே பக்கம்தான் நிற்கிறது. இருப்பதைப் பங்கிட்டு எல்லா உயிரையும் பேணுவதற்கு மேலான அறம் இல்லை என்றார் வள்ளுவர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் வள்ளல்கள் என்று போற்றினோம். நற்றிணையில் ஒரு தலைவி, உன் சகோதரி என்று தாய் சொன்ன புன்னை மரத்தின் நிழலில் காதலனோடு பேசவே நாணுகிறாள். பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழனின் ஆட்சியில், மணியடித்து நீதி கேட்கும் உரிமை பசுவுக்கும் இருந்தது. அசோகனின் ஐந்தாம் தூண் கல்வெட்டு, கொல்லக்கூடாத உயிர்களைப் பட்டியலிடுகிறது. அதில் ஆமையும் இருக்கிறது. காரணமின்றிக் காட்டை எரிக்காதே என்றும் அது ஆணையிடுகிறது. இரக்கம் பேசாத கௌடில்யர்கூட, அபயம் அளிக்கப்பட்ட காட்டில் விலங்கைக் கொன்றவனுக்குத் தண்டம் விதித்தார். ஆண்டவர்களும் பாடியவர்களும் துறந்தவர்களும் ஒருமித்துச் சொன்ன ஒன்றை, கோப்பில் இடும் ஒரு கையெழுத்து மாற்றிவிட முடியுமா?

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மலாக்கா நீரிணையின் வாயிலருகே இருக்கும் தீவு அது. நம் சரக்குகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகின்றன. நாட்டின் பாதுகாப்பு கேலிக்குரியதல்ல. ஆனால் அதே தீவின் கேம்பெல் விரிகுடாவில் கடற்படைத் தளம் 2012 முதலே இருக்கிறது. காவலுக்குத் தளம் போதும். நகரமும் சுற்றுலாவும் எந்தப் பகைவனைத் தடுக்கப்போகின்றன? அரண் என்ற அதிகாரத்திலேயே வள்ளுவர் காட்டையும் ஓர் அரணாக எண்ணியிருக்கிறார்.

‘ஈடு செய்கிறோமே’ என்பது அடுத்த வாதம். தீவில் வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவதாக ஏற்பாடு. ஒருவரிடம் வாங்கிய கடனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்பதுபோல இருக்கிறது இது. ஈடு என்பது இழந்தவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வறண்ட நிலத்தில் நட்ட கன்று ஆமைக்கு மணற்கரை ஆகாது, சோம்பெனுக்கு வேட்டைக்காடும் ஆகாது. மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் ஓரிடத்தில் செய்யும் புண்ணியம் இன்னோரிடத்தில் செய்யும் பாவத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

வளர்ச்சி வேண்டும், வேலை வேண்டும். அவற்றை உண்டாக்க வழிகள் பல உண்டு. துறைமுகத்துக்குக் கடற்கரைகளும் பல உண்டு. ஏழுவரி ஆமைக்கு இந்நாட்டில் எஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணத்தக்க கரைகளே. மாற்று உள்ளவர் மாற்று இல்லாதவருக்கு வழிவிடுவதே அறம். எனவே கலாத்தியாவின் சரணாலய நிலையை அரசு மீட்டுத் தர வேண்டும். தீவு மக்கள் மறுத்த பிறகு அவர்கள் நிலத்தில் கை வைக்கக்கூடாது. அரசு தன் சொல்லை மறந்தால் நினைவூட்டும் பொறுப்பு நமக்கு உண்டு. காடுகளைக் காப்பதும் உயிர்களிடம் கருணை கொள்வதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு நம் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது.