ராமர் பச்சை

அம்மா தார் சுற்றுகிறாள். திருத்தணியைச் சுற்றியுள்ள பல ஊர்களைப் போல எங்கள் தெருவும் தறிச் சத்தத்தில் விடிந்து தறிச் சத்தத்தில் அடங்கும் தெரு. லுங்கிக்கான நூல் அவள் கைவழியாகத்தான் தறிக்குப் போகிறது. கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மிளகாய்ப்பழச் சிவப்பு. விரல் இடுக்கெல்லாம் சாயம். உடம்பில் மட்டும் வெளுத்துப்போன சாம்பல் நிறச் சேலை. நைனா இறந்த 7 வருடங்களாக இதுதான்.

வெள்ளை கட்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று எங்கள் உறவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளை போய் சாம்பல், வெளிர்நீலம், சந்தன நிறம் வந்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், அடர்ந்த பச்சை மூன்றும் மட்டும் யாரும் எழுதிவைக்காமலே விலகி நிற்கின்றன.

பளிச்சென்ற நிறத்தில் உடுத்தினால் மனம் தெளியும் என்று இப்போது நிறையப் படிக்கிறோம். 'டோபமைன் டிரெஸ்ஸிங்' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. நானும் நம்பினேன். அரக்குக் கரை போட்ட ராமர் பச்சைச் சேலை ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனேன். அம்மா தடவிப் பார்த்தாள். நெசவுக்காரி அல்லவா, முதலில் முந்தானையைத் திருப்பி இழையைத்தான் பார்த்தாள். பிறகு மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

"கட்டிக்கம்மா, மனசுக்கு நல்லா இருக்கும்."

"யார் மனசுக்குடி? உன் மனசு நல்லா இருக்கணும்னு நான் கட்டிக்கணுமா?"

தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் என்று எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. எனக்கு வாய்த்த தத்துவக் கேள்வி அந்த பீரோவின் முன்னால்தான் கிடைத்தது.

உடை மனதை மாற்றுமா? 2012இல் ஹாயோ ஆடம், ஆடம் காலின்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே வெள்ளை அங்கியைச் சிலரிடம் மருத்துவருடையது என்றும் சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லி அணியக் கொடுத்தார்கள். மருத்துவருடையது என்று நம்பியவர்கள் கூடுதல் கவனத்தோடு செயல்பட்டார்களாம். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஆய்வின் இன்னொரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. அது எப்படியும் போகட்டும். அந்த முதல் ஆய்வே சொல்ல வந்தது துணியின் மகிமையை அல்ல, துணிக்கு ஊர் கொடுத்திருக்கும் அர்த்தத்தின் மகிமையை. எனக்கு ராமர் பச்சை ஒரு நிறம். அம்மாவுக்கு அது, 'புருஷன் போனவளுக்கு வந்த ஆசையைப் பார்' என்ற ஒரு வாக்கியம். அதை உடுத்திக்கொண்டு எந்த மனம் தெளியும்?

அம்மாவின் அண்ணன், என் மாமா, நைனா போன அதே வருடம் மனைவியை இழந்தவர். துக்கம் உண்மையானதுதான், பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். ஒரு வருடம் கழிந்ததும் ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் வேட்டி கட்டி, பூக்காவடி எடுத்து, 365 படியும் ஏறினார். பார்த்தவர்கள் 'முருகன் தேற்றிவிட்டான்' என்றார்கள். அவர் துக்கத்துக்கு நிறமே இல்லை. அதனால் அது முடிந்ததும் எந்த நிறத்துக்கும் அவரால் போக முடிந்தது.

1960இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காக ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லை மாறியது, பலகைகளில் எழுத்து மாறியது. கைம்பெண்ணின் சேலை விஷயத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். 2019 தேர்தலுக்கு முன் ஆந்திர அரசு சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பணம் கொடுத்த திட்டத்தின் பெயரே 'பசுப்பு குங்குமா', அதாவது மஞ்சள் குங்குமம். குழுவில் இருக்கும் கைம்பெண் அந்தப் பெயரை எப்படிக் காதில் வாங்கியிருப்பாள்? 2023இல் இங்கே ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண் கோயில் திருவிழாவில் கலந்துகொள்ள உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கணவரை இழந்தவள் என்பதுதான் அவரைத் தடுத்ததற்குக் காரணம்.

ஆனாலும் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. ஊர் ஒரு நிறத்தைக் கட்டாதே என்கிறது. நான் அதையே கட்டு என்கிறேன். இரண்டு பேரும் அவள் உடம்பின் மேல்தானே நிற்கிறோம்? 'எனக்கு இதுவே பிடிச்சிருக்கு' என்கிறாள். அதை நம்பாமல் இருக்க நான் யார்? அப்படியே நம்பிவிடவும் முடியவில்லை. சாம்பல் கட்டினால் அவளுக்குச் செலவு ஒன்றும் இல்லை. பச்சை கட்டினால் தெருவின் வாயைச் சமாளிக்க வேண்டும். ஒரு தட்டில் மட்டும் கல்லை வைத்துவிட்டு, பிடித்த தட்டை எடுத்துக்கொள் என்றால் அது தேர்வு ஆகுமா? தேர்வு ஆகாதுதான். அதற்காக அடுத்த தட்டை நான் அவள் கையில் திணிக்கலாம் என்றும் ஆகாது. கல்லை எடுப்பதுதான் என் வேலை.

அதில்தான் நான் தோற்றிருந்தேன். அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டில் அத்தை ஒருத்தி, 'நீ கொஞ்சம் தள்ளி நில்லு அண்ணி' என்றபோது நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். காதில் விழுந்தது. விசேஷ வீட்டில் சண்டை எதற்கு என்று தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தள்ளி நின்றாள், சொந்தப் பேத்திக்கு. சேலை வாங்கியது அதற்கு அடுத்த மாதம். வாயைத் திறப்பதைவிட 1,800 ரூபாய் எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

போன தை மாதம் சித்தி மகன் கல்யாணத்தில் அதே அத்தை ஆரம்பித்தபோது, "எங்கம்மா இங்கதான் நிப்பாங்க அத்தை" என்றேன். குரல் நடுங்கியது. கொஞ்சம் சத்தமாகவும் வந்துவிட்டது. மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா என் கையைக் கிள்ளினாள், ஆனால் நகரவில்லை. அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சேலை இன்னும் பீரோவில்தான். மடிப்பில் கிழிந்துவிடும் என்று அவ்வப்போது எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைக்கிறாள். சென்ற வாரம் போனபோது பார்த்தேன்: அதோடு வந்த ரவிக்கைத் துணியை மட்டும் வெட்டித் தைக்கக் கொடுத்திருக்கிறாள். சாம்பல் சேலை, அரக்கு ரவிக்கை. தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"கை கொஞ்சம் பிடிக்குதுடி, டெய்லர் அளவு சரியா எடுக்கல" என்றாள்.