தோலும் துறவும்

பருத் தழும்பு, தாடையில் வளரும் முடி, எப்போதோ பச்சை குத்திய பெயர் ஆகியவற்றை நீக்க லேசர் சிகிச்சையை நாடுவோர் பெருகி வருகின்றனர். அழியும் உடலை இப்படித் திருத்திக்கொள்வது முறையா? சென்னையில் டோல்கேட்டை அடுத்த திருவொற்றியூரின் சைவ மரபில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை பட்டினத்தாருடையது. பெருஞ்செல்வத்தைத் துறந்த அவரது சமாதி ஒற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது. அழகென்று கொண்டாடும் உடல் கடைசியில் நெருப்புக்கு இரை என்பதை அவர் பாடல்கள் ஓயாமல் சொல்கின்றன. அந்த நோக்கில் தோலுக்குச் செய்யும் செலவெல்லாம் வீண்.

இரண்டாவது விடை சுந்தரருடையது. தாம் மணந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர், அதை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் பார்வை இழந்தார். பின்னர் உடலைப் பற்றிய நோய் திருத்துருத்திக் குளத்தில் மூழ்கியதும் நீங்கி மேனி ஒளிபெற்றது என்கிறது பெரியபுராணம். கண்ணையும் உடல்நலத்தையும் உரிமையோடு கேட்டு வாங்கிய அடியார் அவர். உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த திருமூலரும் அதில் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கினார்.

லேசர் செயல்படும் விதம் இந்த வழக்கைத் தெளிவாக்குகிறது. 1960இல் இயற்பியலாளர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அலைநீளத்தையும் துடிப்பின் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தால் சுற்றியுள்ள திசு கெடாமல் குறித்த நிறமியை மட்டும் சூடாக்கலாம் என்று 1983இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் விளக்கினர். முடி நீக்கும்போது மெலனின் ஒளியை உறிஞ்சி வேரைப் பொசுக்குகிறது. அறையில் முடி கருகும் வாடை எழும். கருத்த மேல்தோலிலும் மெலனின் மிகுதி. ஆகவே அளவு தப்பினால் தோல் வெந்து கருந்திட்டு விழும். ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் ஒளி இத்தகைய தோலுக்கு ஒப்பளவில் பாதுகாப்பானது. தழும்பின் மேடுபள்ளத்தைக் குறைக்கலாம். ஆனால் பிறவி நிறத்தை லேசரால் நிலையாக மாற்ற முடியாது. தோல் அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காப்பதும் அந்த நிறமியே.

பட்டினத்தார் கண்டித்தது பற்றை. சுந்தரர் கேட்டது நோய்க்குத் தீர்வு. தீப்புண் வடுவைக் குறைத்துக்கொள்வது சுந்தரர் வழிக்கு ஒத்தது. கருநிறத்தைக் குறையென்று எண்ணி வெளுக்க முயல்வது அதில் சேராது. சைவ சித்தாந்தத்தில் அழுக்கு என்பது உயிரைப் பற்றிய ஆணவ மலம். உடல் அதைக் கழிக்க இறைவன் தந்த கருவி. கருவியைப் பழுதுபார்ப்பது கடமை. அதன் நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பதே ஆணவம். அதைக் கழிக்க லேசர் உதவாது.