கலிய நாயனாருக்குக் கிடைக்காத கூலி

அறுபத்துமூவரில் ஒருவரான திருவொற்றியூர்க் கலிய நாயனாரின் வரலாற்றைப் பக்தியின் உச்சத்துக்குச் சான்றாகச் சொல்லியே பழகிவிட்டோம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அது ஒரு தொழிலாளி படிப்படியாக வேலை இழந்த வரலாறும்கூட. கலியர் எண்ணெய் வணிகக் குலத்தில் பிறந்த செல்வர். ஒற்றியூர்க் கோயிலில் அல்லும் பகலும் விளக்கெரிப்பது அவர் எடுத்துக்கொண்ட தொண்டு. கைப்பொருள் கரைந்தது. தம் குலத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் நின்ற கூலியைக் கொண்டு விளக்கேற்றினார். அவர்கள் எண்ணெய் தர மறுத்ததும் பிறருடைய செக்கில் கூலிக்கு எள்ளாட்டினார். பிறகு கூலிக்கு ஆள் பெருகிப்போனதால் அந்த வேலையும் கிடைக்கவில்லை. வீட்டை விற்றார். மனைவியை விற்கவும் துணிந்தார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகல்களை வரிசையாக வைத்துத் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதில் தம் ரத்தத்தை வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கியபோதுதான் இறைவன் கையைப் பிடித்தார். இவ்வளவு துன்பத்திலும் கலியர் தம் பசியைப் பற்றி வருந்தியதாகக் கதை சொல்லவில்லை. அவர் வருந்தியதெல்லாம் விளக்கு அணைந்துவிடுமே என்றுதான்.

எந்திரம் வந்து கூலிக்காரரின் வேலையைப் பறிக்கும்போது சமூகம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் கிடைக்கும் வழக்கமான விடை, அவரைப் பட்டினி கிடக்க விடக்கூடாது என்பது. அது சரி, ஆனால் பாதி விடைதான். கூலி என்பது வயிற்றுக்கு மட்டும் வருவதில்லை. மகள் கல்யாணத்துக்கும், கோயில் திருவிழா வரிக்கும், பக்கத்து வீட்டுச் சாவுக்கும் எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் கூலி. வேலை போனவர் வாங்கும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டியவராகிறார். அந்த இழப்பைச் சோறு ஈடு செய்யாது. எந்திரம் ஈட்டும் ஆதாயத்தில் அவருக்கு உரிமையான பங்கு கிடைத்தால்தான் ஈடாகும் என்பது என் வாதம்.

ஒற்றியூருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராயபுரம் இதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்த ஊர். துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் ஆழ்கடலில் நின்றன. ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகள் தங்கள் உழைப்புக் காசில் எழுப்பியதுதான் ராயபுரத்துப் புனித ராயப்பர் ஆலயம். கலியரின் விளக்கும் இந்த ஆலயமும் என் கண்ணுக்கு ஒரே செயலாகத்தான் தெரிகின்றன. 1875 வாக்கில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். கப்பல் நேரே கரையோரம் வந்து நின்றபோது மசூலா படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன் பிறகு ஒரு நூற்றாண்டு காலம் இந்தப் பகுதியின் உழைப்பு மூட்டையில் இருந்தது. கப்பலின் அடித்தளத்தில் ஒரு கேங் இறங்கும். கொக்கியால் மூட்டையை இழுத்துக் கயிற்று வலையில் அடுக்கும். வின்ச் தூக்கி வெளியே இறக்கும். கரையில் இன்னொரு கேங் முதுகில் ஏற்றிக் கிடங்குக்குப் போகும். ஒரு கப்பல் இப்படிக் காலியாகப் பல நாள் ஆகும்.

1956ல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 கன்டெய்னர் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தப் பெட்டிக்கென்றே 1983 டிசம்பரில் சென்னையில் ஒரு டெர்மினல் வந்தது. இந்தியாவின் முதல் கன்டெய்னர் டெர்மினல் அதுதான். பெட்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிரப்பிப் பூட்டப்படுகிறது. துறைமுகத்தில் அதைப் பெரும்பாலும் திறப்பதில்லை. கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் நான்கு மூலைகளையும் இரும்புச் சட்டம் கவ்விக்கொள்கிறது, அவர் தூக்கி டிரெய்லரில் வைக்கிறார். சில நிமிட வேலை. 2001ல் டெர்மினல் தனியார் கைக்குப் போனது. எண்ணூரில் நிலக்கரிக்கென்றே கட்டிய துறைமுகத்தில் கரி கன்வேயர் பட்டையில் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது.

மூட்டைக் காலத்தை நினைத்து ஏங்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். முதுகெலும்பு தேய்ந்து, நுரையீரலில் தூசி படிந்து, நாற்பது வயதில் கிழவரான மனிதர்களை அந்த வேலை உருவாக்கியது. இரும்புத் தாதும் நிலக்கரியும் திறந்த வெளியில் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரத்து வீடுகளின் தரையெல்லாம் கரி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கி நச்சுவாயுவில் சாகும் கொடுமைக்கோ எந்திரத்தைத் தவிர வேறு மாற்றே கிடையாது. அங்கே எந்திரம் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பாவம். ஆகவே எந்திரத்தைத் தடு என்பது என் கோரிக்கை அல்ல. முதுகுச் சுமையை இறக்கி வைத்தது யாருக்கு லாபம் தந்தது என்பதே என் கேள்வி. சுமந்தவரின் முதுகு இளைப்பாறியது, உண்மை. ஆனால் அடுத்த வாரக் கூலியும் சேர்ந்தே போயிற்று.

பழைய வேலை போனால் புது வேலை வரும் என்பது அடுத்த மறுப்பு. வரத்தான் செய்தது: டிரெய்லர் ஓட்டுநர்கள், கணினியில் பெட்டி எண் பதிகிறவர்கள், கிரேன் பழுது பார்ப்பவர்கள். ஆனால் ஐம்பது வயதில் கொக்கியைக் கீழே வைத்தவர் கணினி முன் உட்காரவில்லை. புது வேலை பெரும்பாலும் வேறொரு ஆளுக்கு, வேறொரு ஊரில், வேறொரு படிப்புக்கு வருகிறது. நாட்டுக் கணக்கில் வரவும் செலவும் நேராகிவிடலாம். ஒரு வீட்டுக்குள் அது நேராவதில்லை. கலியரின் ஊரிலும் எண்ணெய் வணிகம் நின்றுவிடவில்லை. கலியருக்குத்தான் செக்கு கிடைக்கவில்லை.

சோற்றைப் பற்றிப் பேச இந்தப் பகுதிக்கு முழு உரிமை உண்டு. ஏழுகிணற்றில் வாழ்ந்து, ஒற்றியூரை நாடி நாடிச் சென்று தொழுத இராமலிங்க அடிகள் என்னும் வள்ளலார் 1867ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். சாதி கேட்காமல், காரணம் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு என்பதை அவர் வழிபாடாகவே ஆக்கினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தந்தால் சோம்பேறியாவார் என்பவர்களுக்கு வள்ளலாரை விட வலுவான பதில் கிடையாது. பசிக்குத் தகுதித் தேர்வு வைக்கக் கூடாது. இன்று பேசப்படும் அனைவருக்குமான அடிப்படை வருமானத்தையும் அந்த வரிசையில் வைத்து நான் வரவேற்பேன். என்றாலும் அது தரைதான். வீடு அதன் மேல் எழ வேண்டும். உண்டவர் அடுத்தவருக்குப் படைக்கவும் முடிகிற நிலையை உண்டாக்கும் கடமை தருமசாலையோடு தீர்ந்துவிடாது.

பங்கு என்றால் யார் கொடுப்பது, பெட்டிக்கு வரி வைத்தால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடாதா? இது நியாயமான கவலை, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கே இதில் அனுபவம் உண்டு. 1948ன் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த சென்னை டாக் லேபர் போர்டு, கப்பல் வராத நாளிலும் பதிவு பெற்ற தொழிலாளிக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்தது. அதற்கான பணம் அவர்களை வேலைக்கு அமர்த்தியவர்களிடமிருந்து வந்தது. கப்பல் வருவதும் வராததும் கடல் தொழிலின் இயல்பு. அந்த நிச்சயமின்மையைக் கூலிக்காரர் வயிற்றில் மட்டும் ஏற்றக் கூடாது என்பது அதன் நீதி. எந்திரம் வருவதும் தொழிலின் இயல்புதானே, அதன் பாரத்தை மட்டும் ஏன் அவர் ஒருவரே சுமக்க வேண்டும்? அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960ல் இதையே பேரம் பேசிப் பெற்றது. எந்திரங்களைத் தடுப்பதில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. ஐந்தரை ஆண்டுகளில் 2.9 கோடி டாலரை ஓய்வுக்கும் வருமானப் பாதுகாப்புக்கும் தருவதாக முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துறைமுகங்களை விட்டுக் கப்பல் போய்விடவில்லை. ஒரு துறைமுகம் தனியாகச் செய்தால் போட்டியில் இழக்கலாம் என்பதால், நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் சேர்த்து ஒரே விதியாகச் செய்வதே உகந்தது.

சமய நோக்கிலிருந்து வரும் மறுப்பு இன்னும் ஆழமானது. பற்றை விடு, வந்ததும் போனதும் வினைப்பயன் என்பார்கள். ஒற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டவர் அவர். ஆனால் அவர் தாமே விட்டார். இருந்ததை விட்டவரின் துறவை, பிடுங்கப்பட்டவருக்கு உபதேசமாக்க யாருக்கும் அருகதை இல்லை. கலியரைக் கடைசியில் கடவுள் காப்பாற்றினாரே என்றும் சொல்லலாம். கத்தி கழுத்துக்கு வந்த பிறகுதான் காப்பாற்றினார். எண்ணெய் தர மறுத்தபோதும், செக்கு மறுக்கப்பட்டபோதும் அங்கே இருந்தது ஊர். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் ஒரு பெண்ணை விற்பனைப் பொருளாக்கும் அளவுக்கு ஒரு வீடு நொறுங்கியது. வேலை போன வீட்டின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அடகுக்குப் போகும் தாலியிலும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கைகளிலும் அது இன்றும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பங்கு என்பது கனவும் அல்ல. சென்னைக் குடிநீர் வாரியத்தில் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், சாக்கடை சுத்தம் செய்யும் நவீன வாகனங்களுக்குத் தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமே உரிமையாளர்கள் ஆனார்கள். அந்த வாகனங்களுக்கு வேலை தர வாரியம் பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. கையைச் சாக்கடையிலிருந்து எடுத்த எந்திரம் அதே கைக்குச் சொந்தமானது. கிரேனைக் கூலிக்காரர் வாங்க முடியாதுதான். கிரேன் நகர்த்தும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகை, வேலை இழந்தவர்கள் பெயரிலான நிதிக்குப் போக முடியும். அந்த நிதியை அவர்களே நிர்வகிக்கவும் முடியும். இதில் பழைய போர்டின் குறையை மட்டும் திரும்பச் செய்துவிடக் கூடாது. அன்று பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கே பாதுகாப்பு. ஒப்பந்தக்காரரின் கீழ் அன்றாடம் வந்துபோனவர்கள் வெளியே நின்றார்கள். இன்று மணலியிலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. எந்திரத்துக்கு ஆர்டர் போவதற்கு முன்பே அவர்கள் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். எந்திரம் வந்து இறங்கிய மறுநாள் தேடினால், அவர்கள் அங்கே வேலை பார்த்ததற்கே சான்று கிடைக்காது.